பீல் செய்யுமுன் ஷிப்ட் சார்ட்டைப் பாருங்கள்

கெமிக்கல் பீல் செய்துகொள்ளலாமா என்ற கேள்விக்குப் பதில் தேட இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, முகத்தில் இருப்பது என்ன என்று தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. இன்னொன்று, அடுத்த மூன்று வாரத்துக்கான ஷிப்ட் சார்ட். இரண்டில் ஒன்று கையில் இல்லாவிட்டாலும் முன்பணம் கட்டாதீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வேலை செய்கிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் இருக்கிறது. பருவும் பருக்கருமையும் விடாத வயதில் வீட்டை விட்டு வந்தவர்கள். கையில் சொந்தச் சம்பளம் இருக்கிறது, ஊரில் வரன் பார்க்கிறார்கள். முகத்துக்கு ஏதாவது செய்துகொள்ள நினைப்பதில் தப்பே இல்லை. அந்தக் காசு வீணாகக் கூடாது, முகம் வேகக் கூடாது என்பதுதான் என் கவலை.

அமிலத்தை அளந்து தடவி, தோலின் மேலடுக்கை உரியச் செய்வதுதான் பீல். கரும்பில் இருக்கும் கிளைகாலிக் அமிலம், பருவுக்கு சாலிசிலிக், தாங்காத தோலுக்கு லாக்டிக் அல்லது மாண்டலிக், இன்னும் ஆழம் வேண்டுமென்றால் டிசிஏ என்னும் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம். ஜெர்மனியின் பால் உன்னா 1882லேயே சாலிசிலிக் அமிலத்தையும் டிசிஏவையும் தோலுக்குப் பயன்படுத்துவது பற்றி எழுதிவிட்டார். மேலோட்டமான பீலில் ஓரிரு நாள் சிவக்கும், பிறகு சில நாள் செதில் உரியும். நம் தோலில் பயப்பட வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் அமிலம் கொஞ்சம் அதிகமாக இறங்கினாலும் அந்த இடம் கருத்துவிடும், மறைய மாதக்கணக்காகும். கருமையைப் போக்கப் போய்க் கருமையை வாங்கி வருவது இப்படித்தான்.

ஆகவே முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டும். பருவுக்கும் அது விட்டுப்போன கருமைக்கும் பீல் நன்றாகவே உதவும். நான்கு முதல் ஆறு முறை, இரண்டு மூன்று வார இடைவெளியில் செய்வார்கள். மங்கு அப்படியல்ல. பூச்சு மருந்தும் சன்ஸ்கிரீனும்தான் அதற்கு முதல் சிகிச்சை, பீல் துணைக்கு மட்டும். வெயில் பட்டாலும் வெக்கை பட்டாலும் திரும்பி வரும். "ஒரே சிட்டிங்ல மங்கு போயிடும் அக்கா" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். கழுத்தின் பின்புறம் வெல்வெட் துணி போலத் தடித்துக் கருத்திருந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. கூடவே மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காரணம் உள்ளே இருக்கும்போது மேலே அமிலம் தடவிப் பயனில்லை.

மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கிய வெளுப்பு க்ரீமைப் பூசிக்கொண்டிருப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது தோலை மெலிய வைக்கும். மெலிந்த தோலில் பீல் செய்தால் புண்ணாகும். 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணையிட்டும் பழக்கம் போகவில்லை. 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம்களால் சிறுநீரகமே பாதிக்கப்பட்டவர்களை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படி ஒரு டப்பா உங்கள் அலமாரியில் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அடுத்தது, முகத்தின் தொல்லை லைனிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். மெஷின் ஷாப்பில் கூலண்ட் எண்ணெய் தெறித்து மயிர்க்கால்களில் கட்டி வரும். பெயின்ட், பிசின், ஃபிளக்ஸ் பட்டு அரிப்பும் தடிப்பும் வரும். மாஸ்க் அழுத்தும் இடத்தில் பரு கிளம்பும். லீவில் ஊருக்குப் போனால் குறைந்து, வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே மறுபடி வந்தால் சந்தேகமே வேண்டாம். ரசாயனமும் பெயின்ட்டும் பட்டு வரும் தோல் அழற்சி, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதற்குக் கம்பெனி டாக்டரிடம் போய்ப் பதிவு செய்ய வேண்டும். கையுறை, வேறு மாஸ்க், வேறு ஸ்டேஷன் கேட்க வேண்டும். கம்பெனி சரிசெய்ய வேண்டியதற்கு உங்கள் சம்பளத்திலிருந்து பீல் செய்துகொள்வது அநியாயம்.

இஎஸ்ஐ அட்டை இருந்தால் தோல் டாக்டரைப் பார்க்கத் தனியாகக் காசு தேவையில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களிடம் ஏற்கெனவே 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். டிஸ்பென்சரியில் எழுதி வாங்கி, கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அழகுக்காகச் செய்யும் பீலுக்கு இஎஸ்ஐ பணம் தராது, ஆனால் நோய் என்னவென்று அங்கே தெரிந்துவிடும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தண்டலத்திலேயே சவீதா மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இனி ஷிப்ட். பீல் செய்யும் வாரம் செகண்ட் ஷிப்ட் என்றால் தள்ளிப்போடுங்கள். உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கும். நைட் ஷிப்ட் வாரம் இதற்கு நல்லது. பகலில் அறைக்குள் தூங்குவீர்கள், காலையில் திரும்பும்போது மட்டும் வெயில். அப்போதும் ஜன்னலோர இருக்கை வேண்டாம்; மங்கைத் தூண்டும் கதிர் சாதாரணக் கண்ணாடி வழியாகவும் வரும். எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. பெயின்ட் ஷாப் ஓவன் பக்கமோ வெல்டிங் பக்கமோ வேலை என்றால், உரிந்து முடியும்வரை வேறு இடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பீல் வேண்டாம். எரிகிறது என்று மாஸ்க்கையோ கண்ணாடியையோ கழற்றிவிட்டு வேலை செய்வது அதைவிடப் பெரிய ஆபத்து.

கல்யாணத்துக்காக என்றால் கடைசி மாதத்தில் தொடங்காதீர்கள். கருத்துவிட்டால் சரிசெய்யக் கால அவகாசம் வேண்டும். நான்கைந்து மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ, உதட்டில் அக்கி இருந்தாலோ, தழும்பு புடைக்கும் உடம்பு என்றாலோ, பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பிருந்தே த்ரெடிங், வேக்ஸிங், பிளீச் கூடாது.

பார்லரில் பீல் செய்துகொள்ளவே வேண்டாம். எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளைகாலிக்கைச் சரியான நேரத்தில் முறிக்காவிட்டால் அது இறங்கிக்கொண்டே போகும். ஆன்லைனில் வாங்கிய பாட்டிலை அறையில் நான்கு பேர் பகிர்ந்து பூசுவதும் அதே ஆபத்துதான். இப்படி வீட்டில் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க எஃப்டிஏ 2024 ஜூலையில் எச்சரித்தது. டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் சரிபார்க்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முடித்து வரும்போது என்ன அமிலம், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். கொப்புளம் வந்தாலோ, எரிச்சல் அடங்காமல் கூடிக்கொண்டே போனாலோ, உரியும் தோலைப் பிய்க்காமல், எலுமிச்சை, மஞ்சள் எதையும் வைக்காமல், போட்டோ எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போங்கள். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். சிகிச்சையை அங்கிருந்துதான் அவர் தொடங்குவார்.