தட்டினால் போதுமா?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் நிலத்தடி ரயில் நிலையத்தில் சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பயணச்சீட்டு இயந்திரங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. "நமக்கு எதற்கு வரிசை? இங்கேயும் நம் ஊர் மாதிரி தட்டிவிட்டுப் போகலாம்," என்றார் தந்தை. அவர் தமது கைத்தொலைபேசியை நுழைவாயிலின் மஞ்சள் வட்டத்தின்மீது வைத்தார். கதவு திறந்தது. தாயார் தம் வங்கி அட்டையைத் தட்டினார். ஓர் அட்டையில் ஒருவர் மட்டுமே பயணம் செய்யலாம் என்பதால், 13 வயது மகளிடம் வேறோர் அட்டையைக் கொடுத்திருந்தார்கள். அதுவும் வேலை செய்தது.

லெஸ்டர் சதுக்கத்தில் இறங்கியபோது தந்தையின் கைத்தொலைபேசியில் மின்சக்தி தீர்ந்துபோயிருந்தது. "பரவாயில்லை, கைத்தொலைபேசியில் இருப்பதும் இதே அட்டைதானே!" என்று சொல்லி, பணப்பையிலிருந்த அட்டையை எடுத்துத் தட்டினார். கதவு மறுப்பேதும் இன்றித் திறந்தது. இரண்டு நாள் கழித்து வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தபோதுதான் அவர் திகைத்தார். ஒரே ரயிலில், ஒரே தூரம் வந்த தம் மனைவியைவிட அவர் மிகவும் கூடுதலாகச் செலுத்தியிருந்தார்.

தவறு எங்கே நேர்ந்தது? ஓர் அட்டையைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யும்போது, அந்தக் கைத்தொலைபேசிக்கென்று தனி எண் ஒன்று உருவாகிறது. அட்டையின் உண்மையான எண் கடைக்காரர்களின் கைக்குப் போகாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால், ரயில் நிலையத்தின் கணினி அந்த எண்ணை வைத்துத்தான் பயணியை அடையாளம் காண்கிறது. ஆகவே அதன் பார்வையில் அன்று இரண்டு பயணிகள் இருந்தார்கள். ஒருவர் ஹீத்ரோவில் உள்ளே போனவர்; வெளியே வரவே இல்லை. மற்றவர் உள்ளே போகாமலேயே லெஸ்டர் சதுக்கத்தில் வெளியே வந்தவர்! இருவருக்கும் உச்சக் கட்டணம் விதிக்கப்பட்டது. நுழையும்போது எதைத் தட்டினோமோ, வெளியேறும்போதும் அதையே தட்ட வேண்டும் என்பது இதனால்தான். இப்படி முழுமையடையாத பயணத்துக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தந்தையும் அப்படியே செய்தார்.

லண்டன் பேருந்துகளில் 2012 டிசம்பரிலும், நிலத்தடி ரயில்களில் 2014 செப்டம்பரிலும் வங்கி அட்டைகளைத் தட்டிப் பயணம் செய்யும் முறை அறிமுகமானது. 2014 ஜூலை முதல் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதே இல்லை. ஒவ்வொரு முறை தட்டும்போதும் கட்டணம் உடனே கழிக்கப்படுவதில்லை. அன்றைய பயணங்கள் அனைத்தும் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. நாளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு. ஒரே நாளில் கைத்தொலைபேசி, அட்டை என்று மாற்றி மாற்றித் தட்டினால் அந்த வரம்பின் பயனும் கிடைக்காமல் போகும். சிங்கப்பூரர்களுக்கு இன்னொரு வியப்பு: லண்டன் பேருந்தில் ஏறும்போது தட்டினால் போதும், இறங்கும்போது தட்ட வேண்டியதில்லை.

மகளின் அட்டையிலும் ஒரு செய்தி இருந்தது. வங்கி அட்டையைத் தட்டுபவரின் வயது கணினிக்குத் தெரியாது. எனவே அவளுக்கும் பெரியவர்களின் கட்டணமே. ஆய்ஸ்டர் எனப்படும் லண்டன் பயண அட்டையை வாங்கி, நிலைய ஊழியரிடம் கேட்டிருந்தால், 11 முதல் 15 வயது வரையுள்ள வருகையாளர்களுக்கான சலுகையை 14 நாள் வரை பதிவு செய்து கொடுத்திருப்பார். தட்டுவதன் வசதி, கேட்டு அறியும் பழக்கத்தை மறக்கச் செய்துவிடுகிறது.

மறுநாள் நினைவுப்பொருள் கடையில் 50 பவுண்டுக்குப் பொருள் வாங்கினார்கள். அட்டை இயந்திரத்தின் திரை, "பவுண்டிலா, சிங்கப்பூர் வெள்ளியிலா?" என்று கேட்டது. தாயார் பழகிய நாணயத்தையே தேர்ந்தெடுத்தார். யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால், இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். வெள்ளியைத் தேர்ந்தெடுத்தால், நாணய மாற்று விகிதத்தைக் கடைக்காரருக்குச் சேவை வழங்கும் நிறுவனம் முடிவு செய்கிறது. அந்த விகிதத்திலேயே அதன் இலாபமும் அடங்கியிருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பவுண்டு 1.70 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பவுண்டில் செலுத்தினால் 85 வெள்ளி. அதன்மேல் வங்கி 3 விழுக்காடு கட்டணம் வாங்கினாலும் மொத்தம் 87.55 வெள்ளிதான். கடை இயந்திரமோ ஒரு பவுண்டுக்கு 1.80 வெள்ளி என்று கணக்கிட்டால் 90 வெள்ளி ஆகிவிடும். வெள்ளியில் செலுத்தியதற்கும் சில வங்கிகள் தனியாக ஒரு கட்டணம் வாங்குவதுண்டு. எந்த நாணயம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருடையது. அவசரத்தில் காசாளரே பொத்தானை அழுத்திவிட்டால், அதை நீக்கிவிட்டு மறுபடியும் செய்யும்படி கேட்கலாம். பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இதே கேள்வி வரும்.

அன்றிரவு தந்தை அட்டைகளைப் பிரித்து வைத்தார். ஒன்று தம் பணப்பையில், மற்றொன்று விடுதி அறையின் பெட்டகத்தில். குறைந்த தொகைக்கு அட்டையைத் தட்டும்போது பெரும்பாலும் இரகசிய எண் கேட்கப்படுவதில்லை. பிரிட்டனில் அந்த வரம்பு 2021 அக்டோபரில் 100 பவுண்டாக உயர்ந்தது. திருடனுக்கும் அந்த வசதி கிடைத்துவிடும் அல்லவா? கைத்தொலைபேசியில் இந்தக் கவலை குறைவு. கடையில் பணம் செலுத்தப் பெரும்பாலும் முகமோ விரல்ரேகையோ வேண்டும். அட்டை தொலைந்தால் வங்கிச் செயலியிலேயே அதை உடனடியாக முடக்குவது எப்படி என்று மகளுக்கும் அவர் காட்டிக் கொடுத்தார்.

கடைசி நாள் காலை. விடுதிக் கட்டணம் 800 பவுண்டு. முகப்பில் இருந்த ஊழியர் புன்னகையுடன் இயந்திரத்தை நீட்டினார். திரையில் இரண்டு தொகைகள் தெரிந்தன. தந்தை கண்ணாடியைத் தேடினார். மகள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். 50 பவுண்டுக்கே ஏறத்தாழ இரண்டரை வெள்ளி வித்தியாசம் என்றால், இதற்கு ஏறத்தாழ 40 வெள்ளி!

"அப்பா, பவுண்டை அழுத்துங்கள்," என்றாள்.