பண்டிவிரிச்சானுக்கு ஒரு கல்

அன்புள்ள தங்கைக்கு,

மன்னாரில் மடுவுக்குப் பக்கத்தில், புலிகளின் மாவீரர்களைப் புதைத்த பண்டிவிரிச்சான் துயிலும் இல்லக் காணியில், துவக்கு ஏந்திய பெரிய சிலையொன்று வேண்டும் என்கிறாய். பெயர்கள் வெட்டிய கல்லே போதும் என்பேன். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல் ஒன்றைப் பார். ஈராயிரம் ஆண்டுப் பழமை, உருவம் கிடையாது. ஆளின் பெயர், ஊர், அவன் மடிந்த ஆகோள் பூசல் (ஆநிரை கவரும் சண்டை), தமிழி எழுத்தில் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தபடியால்தான் இன்றைக்கும் அவன் யாரென்று சொல்லமுடிகிறது. போருக்குப் பின் வடக்குக் கிழக்கில் துயிலும் இல்லங்களை இடித்து நிரவியபோது தாய்மார் இழந்தது பிள்ளையின் கல்லறையில் இருந்த அந்தப் பெயரைத்தான். மாவீரர் நாளான நவம்பர் 27, மாலை 6.05க்கு மணி ஒலித்து அடங்க, ‘இந்தப் பக்கமாகத்தான் இருந்தது’ என்ற மட்டில் ஓரிடம் பார்த்துச் சுடர் ஏற்றுகிறார்கள்.

வெறும் பெயர் வீரத்தைச் சொல்லுமா என்று கேட்பாய். சிலைக்கு ஒரே முகம். விரும்பிப் போனவனும், போரின் கடைசிக் காலத்தில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையும் அந்த முகத்துக்குள் ஒன்றாகிவிடுவார்கள். இதை நாம் பேசத் தயங்குகிறோம். 1990 ஒக்ரோபரில் மன்னாரைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் திரும்பிவந்து அந்த வழியால் போகும்போது, ஓங்கிய துவக்கு அவர்களுக்கு வேறு கதை சொல்லும். பெயர் அப்படி யாரையும் மிரட்டாது.

பெயரை எழுதினாலும் போர் திரும்பும் என்பார் தெற்கில் சிலர். 1971இலும் 1987-89இலும் அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கிய தெற்கின் ஜே.வி.பி. கட்சி ஆண்டுதோறும் நவம்பரில் தன் இறந்தவர்களைப் பகிரங்கமாக நினைவுகூருகிறது. அதனால் மூன்றாவது கிளர்ச்சி வரவில்லை, அதன் தலைவர் 2024இல் ஜனாதிபதியானார். பத்தரமுல்லை நினைவுச்சின்னத்தில் படையினரின் பெயர்கள் இருக்கின்றன; சிங்களத் தாய் தன் மகனின் பெயரை அங்கே விரலால் தடவலாம். பண்டிவிரிச்சான் தாய் கேட்பதும் அதே அளவுதான்.

ஆகவே சிற்பியைத் தேடுமுன் கொப்பியை எடு. இயக்கப்பெயரோடு வீட்டில் கூப்பிட்ட பெயரையும் கேள். ஊர் என்ற இடத்தில், இடம்பெயர்ந்து இருந்த முகாமின் பெயரை எழுதிவிடாதே.

அன்புடன்,
அண்ணா