கழுத்து மரம் காயட்டும், தம்பி

கேள்வி: திருமண வீடுகளில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கொழும்புப் பக்கம் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் ஐந்து கம்பி பேஸ் செய்யச் சொல்லி, அரைவாசிப் பணத்தை முற்பணமாகக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் தருவதாகச் சொன்னார். ஒன்பது மாதமாகிவிட்டது; கேட்டால் "கழுத்து மரம் இன்னும் காயவில்லை" என்கிறார். அம்மாவின் சீட்டுக் காசும் அதில் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? கருவி வந்தாலும் எங்கள் ஊர் மழைக்குக் கழுத்து வளைந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உடற்பகுதிக்கு எங்கள் தோட்டத்து ரப்பர் மரமும் விரல் பலகைக்குக் கருங்காலியும் கேட்டிருக்கிறேன். இது சரிதானா?
எஸ். கே., புளத்கொகுபிட்டிய

பதில்: தம்பி எஸ். கே., முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஏமாந்தவராகத் தெரியவில்லை. தனி ஆளாகக் கிட்டார் செய்பவர்களிடம் ஓராண்டுக்கு மேல் காத்திருப்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான். கழுத்து காயவில்லை என்பது இந்தத் தொழிலில் ஒருவர் சொல்லக்கூடிய மிக நேர்மையான காரணம். பொய் சொல்ல நினைப்பவருக்கும் அதுவே வசதியான காரணம் என்பதையும் மறைக்கமாட்டேன். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு.

அதற்கு முன், கழுத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து பேஸ் கம்பிகளும் சுருதி ஏற்றிய நிலையில் சேர்ந்து ஏறத்தாழ 90 கிலோ இழுக்கும். இரவும் பகலும் அந்த இழுப்பைத் தாங்கி நேராக நிற்க வேண்டியது ஒல்லியான ஒரு மரத்துண்டு. மரமோ வெட்டிய பிறகும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும் இடத்தில், மரம் தன் உலர்ந்த எடையில் 16 விழுக்காடு அளவு ஈரத்தோடு நின்றுவிடும். 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள குளிரூட்டிய அறையில் அது 9 விழுக்காட்டுக்கு இறங்கும். ஓர் அங்குலப் பலகை காற்றில் காய ஒரு வருடம் என்பது தச்சர்களின் கைக்கணக்கு. நம் ஈரவலயத்தில் வருடம் கழிந்தாலும் போதுமான அளவு காயாது. ஈரம் குறைந்த அறையில் வைத்துத்தான் மிச்சத்தை இறக்க வேண்டும்.

காய்ந்ததும் வேலை முடிந்ததா என்றால், இல்லை. சதுரமாக அறுத்த மரத்தைக் கழுத்து வடிவுக்குச் சீவியதும், உள்ளே இறுகிக் கிடந்த விசை விடுபட்டு மரம் முறுக்கிக்கொள்ளும். நல்ல கைக்காரர் அதனால் கொஞ்சம் தடிப்பாகவே வெட்டி, சில வாரம் சாத்தி வைத்து, வளைந்ததைச் சீவி, மறுபடியும் சாத்தி வைப்பார். அந்த வாரங்களில் பட்டறைக்குப் போய் நின்றால் வேலையே நடக்காத மாதிரி இருக்கும். உங்களுக்குச் சினம் வருவது நியாயம்தான். ஆனால் சொன்ன தவணைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் ஈர மரத்தில் கம்பி ஏற்றியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. மழைக்காலத்தில் கழுத்து கொஞ்சம் அசையும். எந்த நாட்டில் செய்த கருவியும் அசையும். அதைத் திருத்தத்தான் ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் நீளவாக்கில் ஓடும், திருகி முறுக்கக்கூடிய இரும்புக் கம்பி) இருக்கிறது. கிப்ஸன் நிறுவனம் 1923இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. பருவம் மாறும்போது கால் சுற்று திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடற்காற்றடிக்கும் ஆரோவில்லில் இருந்துகொண்டுதான் எரிசா நியோகி கையால் கிட்டார் செய்து பெயர் வாங்கினார். நல்ல கருவிக்கு மழை எதிரியல்ல.

உங்கள் ஊருக்கு ஏற்றபடி கழுத்தை அமைக்கச் சொல்லலாம். ஒரே மரத்துண்டாக இல்லாமல், மூன்று அல்லது ஐந்து பட்டைகளை ரேகை எதிரெதிராக வரும்படி ஒட்டிய கழுத்தாகக் கேளுங்கள். ஒன்றின் முறுக்கை மற்றது பிடித்துக்கொள்ளும். உள்ளே இரண்டு கார்பன் தண்டுகள் வைத்தால் இன்னும் நல்லது. உடலோடு ஒட்டிவிடாமல் திருகாணியால் பூட்டும் கழுத்தாகவும் இருக்கட்டும். 1951இல் லியோ ஃபெண்டர் தன் ப்ரிஸிஷன் பேஸை அப்படித்தான் செய்தார். கெட்டால் கழற்றி வேறு கழுத்து மாட்டலாம்.

ரப்பர் மரம் தாராளமாக ஆகும். மின்சார பேஸில் ஒலியைப் பிடிப்பது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் காந்தச் சுருள்). உடல் மரத்துக்காக அள்ளிக் கொடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குக் கொடுக்கும் காசு என்பது என் அபிப்பிராயம். ஆனால் ரப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு வண்டு துளைக்கும். உடனே பலகையாக அறுத்து, போரான் மருந்தேற்றி, உலர்த்திய மரமா என்று கேளுங்கள். லயத்துக்குப் பின்னால் விறகாகக் கிடந்ததைக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். கருங்காலி ஆசையை விடுங்கள், தம்பி. இலங்கையில் அந்த மரத்தை வெட்டத் தடை இருக்கிறது. பழைய தளபாடத்திலிருந்து எடுத்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால் வேண்டாம்; ஈட்டி மரம் போதும்.

இனிச் செய்ய வேண்டியது. தொலைபேசியில் சண்டை பிடிக்காமல், ஒரு நாள் அவிசாவளை வழியாக பஸ் ஏறிப் பட்டறைக்கே போங்கள். "என் கழுத்து மரத்தைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பொறுப்பானவர் மரத்தின் மேலேயே பென்சிலால் திகதியும் எடையும் எழுதி வைத்திருப்பார். வாரா வாரம் எடை குறைந்து, பிறகு ஒரே எண்ணில் நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று பொருள். எழுதி வைக்கவில்லையென்றால் உங்கள் முன்னாலேயே தராசில் வைத்து எழுதச் சொல்லி, மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காட்டுவதற்கு மரமே இல்லையென்றால் கதை வேறு. முற்பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பியுங்கள்.

மரம் இருந்தால், அன்றைக்கே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அதில் முக்கியமானது அதிரும் கம்பியின் நீளம். ஐந்தாம் கம்பியின் 'பி' சுரம் நொடிக்கு 31 அதிர்வுதான்; கம்பி குட்டையானால் தொளதொளக்கும். 34 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 35 இன்னும் நல்லது. 1975இல் கார்ல் தாம்ப்சனிடம் ஆறு கம்பி பேஸ் செய்யச் சொன்ன அந்தோணி ஜாக்சன், பிற்காலத்தில் 36 அங்குலத்துக்கே போனார். எடையையும் எழுதுங்கள். விடிய விடிய நின்று வாசிக்கும் உங்களுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். ட்ரஸ் ராடைக் கழுத்தைக் கழற்றாமலே திருக முடிய வேண்டும் என்பதும் அந்தத் தாளில் வரட்டும்.

பணத்தில் நீங்களும் நியாயமாக நடந்துகொள்ளுங்கள். அவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். கழுத்தை ஒட்டி முடித்துக் காட்டியதும் கால்வாசி கொடுங்கள். கடைசிக் கால்வாசியைக் கையில் வைத்துக்கொண்டு, கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வாரம் உங்கள் ஊர்க் காற்றில் வைத்து வாசியுங்கள். பிறகு ஒரு கம்பியை முதல் கட்டையிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் கட்டையில் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு, அதாவது 0.3 மில்லிமீட்டர் போல இருந்தால் கழுத்து சரி. கடைசிக் கால்வாசியை அப்போது கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.