பூக்கிறது, காய்க்கவில்லை!

கேள்வி: ஆடியில் கொல்லையில் இரண்டு சுரை விதை ஊன்றினோம். கொடி பந்தலை மூடிவிட்டது, பூவும் நிறைய. ஆனால் விரல் நீளப் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. வாரம் தவறாமல் சாணிக் கரைசல் ஊற்றுகிறோம். கொடியைப் பிடுங்கிவிட்டுக் கீரை விதைக்கச் சொல்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
— வாசகி, மன்னார்குடி

பதில்: பிடுங்காதீர்கள். மாமியாரின் கீரைக்கு வெயில் விழும் வேறு பாத்தி பாருங்கள்.

சுரையில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் ஆண்பூக்கள்தான் வரும். அவை உதிர்வது இயல்பு. பெண்பூவின் அடியில் பிஞ்சு ஒட்டியிருக்கும். மகரந்தம் சேராவிட்டால் அது மஞ்சளாகி விழும். பாகலுக்கும் பூசணிக்கும் காலையில் தேனீ வந்துவிடும். சுரைப்பூ விரிவதோ சாயங்காலம். இரவில் அந்துப்பூச்சிகள் வந்தால்தான் உண்டு. அவை வராத கொல்லையில் அந்த வேலை நம்முடையது. விளக்கு வைக்கும் நேரத்தில், அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூக்களுக்குப் போதும். அந்த நேரத்தில் எந்த மருந்தும், வேப்பெண்ணெய் உட்பட, தெளிக்க வேண்டாம்.

தடவியும் உதிர்கிறதா? விழுந்த பிஞ்சை எடுத்துப் பாருங்கள். ஊசி குத்திய புள்ளியும் பிசினும் இருந்தால் பழ ஈயின் வேலை. அறுத்தால் உள்ளே புழு நெளியும். அதை எருக்குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் கூடு கட்டி, மறுபடி ஈயாக வரும். பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். பிடித்த பிஞ்சுகளுக்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்து மாட்டலாம். பாட்டிலில் சிறு துளைகளிட்டு, நனைத்த கருவாட்டுத் தூளை உள்ளே வைத்துத் தொங்கவிட்டால் ஈக்கள் அதில் போய் விழும். நாற்றம் தாங்காது, சமையலறை ஜன்னல் பக்கம் மட்டும் கட்டாதீர்கள்!

வாராவாரம் சாணிக் கரைசல் அதிகம். தழைச்சத்து மிஞ்சினால் கொடி இலையாகவே ஓடும். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, வேரிலிருந்து தள்ளி ஒரு பிடி அடுப்புச் சாம்பல் தூவுங்கள். பந்தலேறிய கொடியின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளில்தான் பெண்பூ அதிகம்.

ஐப்பசி அடைமழை பிடித்தால் மகரந்தம் நனைந்து வீணாகும். அதற்குள் காய் பிடிக்க வேண்டுமென்றால் இன்று மாலையே தொடங்கிவிடுங்கள்.