இரும்பைத் தின்னும் கரையான்



மரத்தைக் கரையான் அரிக்கும். இரும்பை அரிப்பது எது? "துரு"ன்னு உடனே சொல்லிடுவீங்க. சரிதான். ஆனால் நம் வீட்டுக் காரிலோ, நாம் தினமும் ஏறி வருகிற பள்ளி வேனிலோ ஆபத்தான துரு எங்கே பிடிக்கும்? கதவிலா? பானெட்டிலா? இரண்டும் இல்லை. நாம் ஒருநாளும் குனிந்து பார்க்காத அடிப்பக்கத்தில்தான்! வேதியியலில் 'அரிமானம்' என்று படிக்கிறோமே, அதே பாடம்தான் இது. புத்தகத்தில் ஆணியை வைத்துச் சொல்கிறார்கள். நான் காரை வைத்துச் சொல்கிறேன்.

இதற்காக எங்கள் தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். வண்டியை லிஃப்டில் தூக்கி வைத்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

1. துரு எப்படி உண்டாகிறது?

இரும்பு பூமியில் தனியாகக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்து தாதுவாகத்தான் கிடைக்கிறது. உலையில் போட்டு ஆக்சிஜனைப் பிரித்து இரும்பு எடுக்கிறோம். அந்த இரும்பு சமயம் கிடைத்தால் மறுபடியும் ஆக்சிஜனோடு சேரப் பார்க்கும். அதற்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு பிடிக்காது.

ஈரம் பட்ட இரும்பின்மேல் ஒரு குட்டி பேட்டரியே உண்டாகிறது. ஓரிடத்தில் (நேர்மின்வாய்) இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் இரும்பு வழியாகவே இன்னோர் இடத்துக்கு (எதிர்மின்வாய்) ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கி ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இந்த இரண்டு அயனிகளும் சேர்ந்து, மேலும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, நீரேறிய இரும்பு ஆக்சைடாக மாறுகின்றன. அந்தச் செம்பழுப்புப் பொடிதான் துரு.

அலுமினியமும் ஆக்சிஜனோடு சேரும். ஆனால் அதன் ஆக்சைடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும். துரு அப்படி இல்லை. பஞ்சு மாதிரி துளை துளையாக இருக்கும், உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வரும். அதையும் துரு தின்னும். அதோடு, கரைந்த இரும்பைப்போல் 2 மடங்குக்கும் மேலான இடத்தைத் துரு அடைத்துக்கொள்ளும். அதனால்தான் துருப்பிடித்த தகடு உப்பி, பெயிண்ட் கொப்புளம் கிளம்புகிறது.

2. உப்பு என்ன செய்கிறது?

நம் தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊர் நம்முடையது. உப்பு மூன்று விதமாகத் துருவுக்கு உதவுகிறது.

அ) உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மேலே சொன்ன குட்டி பேட்டரி வேகமாக ஓடும்.
ஆ) உப்பில் உள்ள குளோரைடு அயனி, உலோகத்தின்மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைக் கெடுத்துக் குழி குழியாக அரிக்கும்.
இ) காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றில் இருந்தே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். மழையே பெய்யாவிட்டாலும், அடியில் உப்பு படிந்த வண்டி ராத்திரி முழுக்க நனைந்தே நிற்கும்.

குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே கார்களின் அடிப்பக்கம் சீக்கிரம் துருப்பிடிக்க அதுதான் பெரிய காரணம். இங்கே ரோட்டில் யாரும் உப்புப் போட வேண்டியதில்லை. காற்றே கொண்டுவந்து போட்டுவிடுகிறது! கடல்காற்றின் வேலைக்குப் பாம்பன் பாலமும் சாட்சி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி அரிமானத்தால் பலம் இழந்ததால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தினார்கள்.

3. நாங்கள் செய்து பார்த்த சோதனை

நானும் என் நண்பர்கள் மூன்று பேரும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய 5 ஆணிகளை எடுத்துக்கொண்டோம். 7 நாள் வைத்துப் பார்த்தோம்.

ஆணி 1: நீரற்ற கால்சியம் குளோரைடு போட்டு மூடிய சோதனைக் குழாய் (காற்று உண்டு, ஈரம் இல்லை) – துரு இல்லை.
ஆணி 2: கொதிக்க வைத்த நீர், மேலே எண்ணெய்ப் படலம் (நீர் உண்டு, காற்று இல்லை) – துரு இல்லை.
ஆணி 3: பாதி முழுகும் அளவு மழைத்தண்ணீர் – துரு உண்டு.
ஆணி 4: பாதி முழுகும் அளவு உப்புநீர் (1 லிட்டருக்கு 35 கிராம், கடல்நீரும் ஏறக்குறைய இவ்வளவுதான்) – ஆணி 3-ஐ விட அதிகத் துரு.
ஆணி 5: உப்புநீரில் நனைத்த பஞ்சைச் சுற்றி, காய விடாமல் வைத்தது – எல்லாவற்றையும்விட அதிகம்! பஞ்சே செம்மண் நிறமாகிவிட்டது.

ஐந்தாவது ஆணியை மறக்காதீர்கள். பஞ்சுக்குள் ஈரமும் போகவில்லை, காற்றும் தாராளமாகக் கிடைத்தது. காரின் மட்கார்டுக்குள் ஒட்டியிருக்கும் ஈரச் சேறும் இந்தப் பஞ்சு மாதிரிதான்.

4. காருக்கு அடியில் எங்கெங்கே பிடிக்கும்?

சுருள் ஸ்பிரிங்: வண்டியின் எடையைத் தாங்குவது. இதன் கடைசிச் சுற்று உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் நீரும் தேங்கும். கல் அடித்துப் பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு பிடித்து ஒரு சின்னக் குழி விழும். ஸ்பிரிங் நாள் முழுக்க அமுங்கி அமுங்கி எழுகிறது அல்லவா? அந்தக் குழியில் விசை குவிந்து விரிசல் விடும். ஒருநாள் பள்ளத்தில் விழும்போது 'டங்'கென்று உடையும். உடைந்த முனை டயரைக் கிழிக்கவும் கூடும்.

லோயர் ஆர்ம்: சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கை. பல கார்களில் தகடுகளை அழுத்தி வளைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். உள்ளே போன நீர் வெளியேற ஓட்டை இருக்கும். அது சேற்றால் அடைத்துக்கொண்டால் உள்ளே இருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் நன்றாகவே தெரியும்!

ஷாக் அப்சார்பர்: இதன் தண்டில் குரோமியம் பூசியிருக்கும். அது பெயர்ந்து துருக்குழி விழுந்தால் எண்ணெய் சீல் கிழிந்து ஆயில் ஒழுகும். அப்புறம் வண்டி தொட்டில் மாதிரி ஆடும்.

பட்டை ஸ்பிரிங்: வேன், லாரிகளில் பின்னால் அடுக்கு அடுக்காக இருக்கும். பட்டைகளுக்கு இடையில் துரு பிடித்து உப்பும். பட்டைகள் சறுக்க முடியாமல் இறுகும்.

பிரேக் பைப்: இது சஸ்பென்ஷன் பாகம் இல்லை. ஆனால் அடியில்தான் ஓடுகிறது. விரலைவிட மெல்லிய இரும்புக் குழாய். துரு தின்று ஓட்டை விழுந்தால் பிரேக் ஆயில் போய்விடும். பெடலை மிதித்தால் கால் தரை வரை இறங்கும். இதைச் சொல்லும்போது அண்ணாச்சி முகமே மாறிவிட்டது.

தரைத் தகடு, கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிப் பகுதி: கார்த் தகட்டின் தடிமன் பெரும்பாலும் 1 மி.மீ.க்குள்தான். இரண்டு பக்கமும் அரித்தால் எவ்வளவு நாள் தாங்கும்? உள்ளே போட்ட மேட் நனைந்து, காயாமல் கிடந்தால் மேலிருந்தும் அரிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. அப்போது முழுகிய கார்களில் வெளியே கழுவியாச்சு, சீட்டும் மாற்றியாச்சு. பெட்டிப் பகுதிக்குள் போன சேற்றை எடுக்காத வண்டி இப்போதும் தன்னிடம் வருகிறது என்றார் அண்ணாச்சி.

"மேல பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கும் தம்பி. கீழ குனிஞ்சு பாத்தாதான் முட்டி தேஞ்சது தெரியும்" – இது அவர் சொன்னது.

5. இது ஏன் உயிர்ப் பிரச்சினை?

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே ஓடிக்கொண்டிருந்த ஒரு பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கீழே விழுந்து இறந்துபோனாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் சமயத்தில் பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டை துருவால்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. காலுக்குக் கீழே இருக்கும் தகட்டை யாராவது ஒருவர் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவள் இன்று நம் அண்ணன், அக்காக்கள் வயதில் இருந்திருப்பாள். அதைத்தான் சொல்கிறேன்.

பள்ளி வாகனத்துக்காவது எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்கு? புதிதாகப் பதிவு செய்தால் 15 வருடம் வரை தகுதிச் சோதனைக்குப் போக வேண்டியதில்லை. பிரிட்டனில் கார் வாங்கி 3 வருடம் ஆனதுமே ஆண்டுதோறும் சோதனை. சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தைச் சுற்றி 30 செ.மீ.க்குள் தகடு பலம் இழக்கும் அளவு துரு இருந்தால் அந்த வண்டி தேறாது. நம் ஊரில் அந்த வேலையை வீட்டில் உள்ளவர்களே செய்தால்தான் உண்டு.

6. நாம் என்ன செய்யலாம்?

* வாட்டர் வாஷ் விடும்போது "அடிப்பக்கமும் மட்கார்டு உள்பக்கமும் அடிங்க" என்று கேட்டு அடிக்கச் சொல்லுங்கள். நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. உப்புத் தண்ணீரில் கழுவினால் துருவுக்குத் தீனி போட்ட மாதிரி. நல்ல தண்ணீர்தானா என்று கேளுங்கள்.
* கதவின் அடியில் இருக்கும் நீர் வடியும் ஓட்டைகளைக் குச்சியால் குத்திச் சுத்தமாக வையுங்கள்.
* மழையில் நனைந்த மேட்டை எடுத்து வெயிலில் போடுங்கள். மேட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டையும் அப்போது பாருங்கள்.
* துரு கண்டால் அதன்மேல் அப்படியே பெயிண்ட் அடிக்கக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் நல்ல இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகுதான் பெயிண்ட். துருவின்மேல் தார் மாதிரிப் பூச்சை அப்பினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே தெரியாமல் அரிக்கும்.
* பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் உண்டு. அது ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் ஆபத்து. மண்ணும் கெடும். வேண்டாம்.
* உடைந்த ஸ்பிரிங்கை வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. எஃகைப் பதப்படுத்தி அதற்குக் கொடுத்த உறுதி அந்தச் சூட்டில் போய்விடும். மாற்றத்தான் வேண்டும்.
* வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, பள்ளத்தில் 'டக் டக்' சத்தம் வந்தாலோ, ஒரு பக்கமாக இழுத்தாலோ, பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.

மேல்துருவா, உள்துருவா என்று எப்படித் தெரியும்? மெக்கானிக் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல இரும்பு 'கிண்' என்று சொல்லும். அரித்த இரும்பு 'பொத்' என்று சொல்லும், சில்லு சில்லாக உதிரும். தேய்த்தால் போகிற மெல்லிய செம்பொடிக்குப் பயப்பட வேண்டாம். பொரிந்து அடுக்காகப் பெயர்ந்தால்தான் பயப்பட வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை: ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் யாரும் போகவே கூடாது. ஜாக்கி நழுவும். நாம் பார்க்க வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, பெரியவர் துணையோடு, வெளியே மண்டிபோட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

தெரிந்துகொள்ளுங்கள்: அரிமானத்தைப் பற்றி மேலே படிக்க ஆசைப்படுபவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலேயே இடம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. 1948-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு நிலமும் நிதியும் தந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். உலோகங்களைத் துருவிலிருந்து காப்பது அங்கே நடக்கும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று.

7. யோசித்து விடை எழுதுங்கள்

1) முழுவதும் கடலுக்குள் முழுகிய இரும்பைவிட, அலை வந்து வந்து நனைக்கும் இடத்தில் உள்ள இரும்பு ஏன் வேகமாகத் துருப்பிடிக்கிறது? (குறிப்பு: ஆணி 5)
2) இரும்புத் தகட்டில் துத்தநாகம் பூசினால், பூச்சில் கீறல் விழுந்த பிறகும் இரும்பு ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை?
3) உங்கள் வேனில் நீங்கள் உட்காரும் சீட்டுக்குக் கீழே உள்ள தளம் எப்படி இருக்கிறது? நாளை காலை பார்த்து இரண்டு வரி எழுதுங்கள்.

விடைகளை வெள்ளிக்கிழமைக்குள் சுவரிதழ்ப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கு அடுத்த இதழில் விடை வரும். மூன்றாவதில் ஏதாவது ஓட்டை, ஆட்டம், உதிரல் என்று எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.