எருவும் எழுத்தும்

உழவர் வழக்கில் 'குப்பை' என்னும் சொல் இருபொருள் படும். வீட்டிற் பெருக்கித் தள்ளுவதும் குப்பை. வண்டியில் ஏற்றி வயலில் அடிப்பதும் குப்பை. கழிவையும் எருவையும் ஒரே சொல்லாற் குறித்த நம் முன்னோர்க்கு, ஒன்றே மற்றொன்றாகும் என்பது புதிதாகக் கற்கவேண்டிய செய்தியன்று. உழவைப் பாடிய வள்ளுவரும் ஏருக்கும் மேலான இடத்தை எருவுக்கே அளித்தார். ஆயினும், காசின்றிக் கைக்கெட்டும் இப்பொருளின் அருமையை உலகம் மறக்கத் தொடங்கிய காலமொன்று வந்தது. அதனை மீண்டும் நினைவூட்டுதற்குத் தம் வாழ்நாளின் இறுதிப் பதினாறு ஆண்டுகளைச் செலவிட்டவர் ஸர் ஆல்பர்ட் ஹவார்டு என்னும் ஆங்கில அறிஞர். அவர் வகுத்த எருமுறை யாது என்பதையும், பதவியும் ஆராய்ச்சி நிலமும் நீங்கியபின் அவர் எழுதுகோலைப் புதுத் தொழிலாகக் கைக்கொண்டது எவ்வாறு பயன்பட்டது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஹவார்டு 1873 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றுத் தேறினார். 1899 முதல் 1902 வரை மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய்களை ஆராயும் பணி அவருக்குக் கிடைத்தது. ஆங்கு அவருள்ளத்தே ஒரு குறை தோன்றியது. நோய்க்கு மருந்து கூறும் அவருக்கு, அம்மருந்தைத் தாமே பயிரிட்டுச் சோதிக்க ஓரடி நிலமும் இல்லை. தாம் செய்து பாராததைப் பிறர்க்கு உபதேசித்தல் தகுமோ என்னும் இவ்வினாவே அவர் வாழ்க்கையின் திருப்பத்திற்குக் காரணமாயிற்று எனலாம்.

1905 ஆம் ஆண்டில் அவர் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்குப் பயிர்நூல் வல்லுநராக வந்தார். அவ்வாண்டே, தம்மைப்போல் கேம்பிரிட்ஜிற் பயின்ற பயிர்நூற் புலமையாட்டியாகிய காப்ரியேல் அம்மையாரை மணந்தார். அதுமுதல் இருவர் ஆராய்ச்சியும் ஒன்றாயிற்று. அவர்கள் தோற்றுவித்த பூசாக் கோதுமை வகைகள் பெரும்புகழ் எய்தின. பூசாவில் ஏறக்குறைய 75 ஏக்கர் நிலம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. முன்னர் இல்லாதிருந்த நிலம் இப்போது கிடைத்தது. ஆயினும் ஆசிரியர் யார்? சுற்றுப்புறத்துக் குடியானவரையும், பயிரைத் தாக்கும் பூச்சி புழுக்களையுமே தம் ஆசிரியராகக் கொண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். பூச்சியும் நோயும் பகைவரல்ல. மண்ணிலோ பயிர் செய்யும் முறையிலோ பிழையுண்டு என அறிவிக்கும் தூதுவரே என்பது அவர் துணிபு.

நல்ல விதையை அளித்தலால் மட்டும் உழவன் வறுமை நீங்காது என்பதை அவர் விரைவிற் கண்டார். மெலிந்த மண்ணில் வீரியமுள்ள விதையும் மெலிந்தே விளையும். மண்ணை ஊட்டுவதற்கோ, விலைகொடுத்து வாங்கும் உரம் ஏழைக் குடியானவனுக்கு எட்டாத பொருள். அவனிடமிருந்த சாணத்தின் பெரும்பகுதியும் வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. ஆகவே, காசு கேளாத எரு வேண்டும். உள்ள சிறிதளவு சாணம் பெரிதளவு எருவாகவும் வேண்டும். இவ்விரண்டு நிபந்தனைகளுக்கும் உட்பட்டு 1924 முதல் 1931 வரை இந்தூர் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் அவர் வகுத்ததே 'இந்தூர் முறை' எனப்படுவது.

அம்முறையைச் சுருக்கிக் கூறுவோம். பயிர்த்தாள், களைச்செடி, சருகு, கரும்புச்சோகை முதலிய செடிக்கழிவு மூன்று பங்கும், சாணம் முதலிய கால்நடைக் கழிவு ஒரு பங்குமாகக் கொள்ளவேண்டும். பருத்திமார் போன்ற வன்மையான தண்டுகளை வண்டிகள் செல்லும் பாதையிற் பரப்பினால் சக்கரங்களே அவற்றை நொறுக்கிவிடும். அதற்கெனப் பொறி வேண்டுவதில்லை. மாட்டுத்தொழுவத்திலே சிறுநீர் ஊறிய மண்ணும் அடுப்புச் சாம்பலும் உடன் சேர்க்கப்படும். இவை புளிப்பை மாற்றும். இவற்றை ஆழமில்லாத குழியில் அடுக்கடுக்காக இட்டு நீர் தெளித்து ஈரமாக்குவர். காற்றுப் புகுதற்பொருட்டு மூன்று முறை புரட்டுவர். முதலிற் பூசணமும் பின்னர் நுண்ணுயிர்களும் அக்குவியலைச் சிதைக்க, ஏறக்குறைய மூன்று மாதத்தில் கருநிறமும் மண்மணமும் உடைய மட்கு எரு கிடைக்கும். இதில் விலைக்கு வாங்கும் பொருள் ஒன்றேனும் இல்லை என்பதைக் காண்க. வேண்டுவன உழைப்பும் ஒழுங்கும் காத்திருக்கும் பொறுமையுமே.

இனி, அவர் வாழ்க்கையின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். 1930 ஆம் ஆண்டில் காப்ரியேல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டில் ஹவார்டு பதவியினின்று விலகித் தாயகம் சென்றார். அப்போது அவர்க்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தைந்து ஆண்டு உடனுழைத்த துணையும் இல்லை. ஆராய்ச்சி நிலமும் இல்லை. ஆணையிடும் அதிகாரமும் இல்லை. ஓய்வூதியம் பெற்றுத் தோட்டத்தில் உலாவிக் காலங்கழித்தல் அவர் நிலையிலுள்ளார்க்கு இயல்பே. அவரோ, தம்மிடம் எஞ்சியிருந்தது யாது என்று எண்ணிப் பார்த்தவர் போலும்! எஞ்சியது ஒரு முறையும், அதனை விளக்கும் எழுத்துமே. 1931 ஆம் ஆண்டில் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து, வேளாண்மைக் கழிவுகளைப் பயன்படுத்துவது பற்றிய நூலை வெளியிட்டார். அவ்வாண்டே காப்ரியேல் அம்மையாரின் தங்கை லூயிஸ் அம்மையாரை மணந்தார். அவர் கணவரின் எழுத்துப்பணிக்கு உற்ற துணையாயினார்.

அந்நூல் அறிஞர்க்கென எழுதப்பட்டது. குழியின் அளவும் ஈரத்தின் அளவும் கூறுவது. அதனோடு அவர் அமைந்துவிடவில்லை. தம் முறையைக் கையாளும் இடங்களை நேரிற் காணப் புறப்பட்டார். 1937-38 குளிர்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிவந்தார். 1940 இல் 'அக்ரிகல்சுரல் டெஸ்டமெண்ட்', அதாவது 'வேளாண்மைச் சாசனம்', என்னும் நூலை இயற்றி, மறைந்த காப்ரியேல் அம்மையார்க்கு அதனை உரிமையாக்கினார். அந்நூலிற் குழியின் அளவு மட்டுமன்றிக் காட்டின் இயல்பும் பேசப்படுகிறது. உதிர்ந்த இலையும் இறந்த உயிரும் மண்ணுக்கே திரும்புதலால், எருவிடுவார் யாருமின்றியே காடு தழைக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தலே இயற்கையின் விதி என்பது அதன் சாரம். இவ்வொரு கருத்தைப் பற்றிக்கொண்டால் கல்லாதவனும் முறை முழுவதையும் தானே உய்த்துணரலாம். அறிக்கைக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். அறிக்கை செய்தியைத் தரும். நூல் செய்தியின் காரணத்தைப் படிப்பவன் உள்ளத்திலே நடும்.

அவ்வெழுத்தின் பயன் விரைவிற் புலப்பட்டது. அமெரிக்காவில் ரோடேல் என்னும் பதிப்பாளர் ஹவார்டின் எழுத்துக்களைப் படித்துக் கிளர்ச்சியுற்று, 1942 இல் இயற்கை வேளாண்மைக்கென ஓர் இதழ் தொடங்கினார். இங்கிலாந்தில் ஹவார்டே 1946 இல் மண்ணும் உடல்நலமும் பற்றிய காலாண்டிதழொன்றின் ஆசிரியரானார். 1947 அக்டோபரில் இறக்கும்வரை அவர் எழுதுகோல் ஓயவில்லை.

எனினும், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கூற்றையும் எடைபோடாது ஏற்றல் ஆகாது. வாங்கும் உரம் மண்ணைக் கெடுத்தே தீரும் என்று ஹவார்டு வற்புறுத்தினார். ஆனால், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் நடந்துவரும் கோதுமைச் சோதனையில், அவ்வுரம் மட்டும் இட்ட பாத்திகளும் நெடுங்காலமாக நல்ல விளைவு தந்துள்ளன. மட்கு எருவில் விளைந்த தீவனம் தின்ற தம் மாடுகள், கோமாரி கண்ட மாடுகளோடு மூக்குரசியும் நோயுறவில்லை என்று அவர் எழுதியதும், ஒப்புநோக்க வேறொரு மந்தையை வைத்துச் செய்த சோதனையன்று. ஆயினும், மட்கு எரு மண்ணுக்கு நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலையும் நுண்ணுயிர்களுக்கு உணவையும் அளிக்கும் என்னும் அவர் அடிப்படைக் கொள்கை இன்றைய மண்ணூலாராலும் ஏற்கப்பட்டதே. மிகைபடக் கூறியவற்றைக் கழித்தபின்னும் எஞ்சுவது பெரிது. ஏழைக்கு உதவுவது அவ்வெஞ்சிய பகுதியே.

நம் நாட்டிலும் இதனோடு ஒப்பிடத்தக்க வரலாறு உண்டு. கோயில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய நம்மாழ்வார், மழையை நம்பி வாழும் ஏழை உழவர்க்கு அங்கு நடந்த செலவுமிக்க சோதனைகள் உதவா எனக் கருதி 1969 இல் அப்பணியைத் துறந்தார். பின்னர் 2013 இல் மறையும்வரை ஊர்தோறும் சென்று, உழவர்க்கு விளங்கும் எளிய தமிழிற் பேசியும் எழுதியும் வந்தார். இருவரும் பதவியை விட்டபின்னரே மக்களுக்கு ஆசிரியராயினர் என்பது சிந்திக்கத்தக்கது.

மொழியைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் நம்மிற் சிலர், கலப்பை பிடிப்பார்க்கு நம் கல்வியால் ஆவதென்ன என்று சோர்வதுண்டு. ஹவார்டின் வரலாறு அச்சோர்வுக்கு விடை தருகிறது. இந்தூர்க் குழியிலே எரு முதிர்ந்தது மூன்று மாதத்தில். அச்செய்தி கடல் கடந்து மக்கள் உள்ளத்திற் சேர்தற்கோ தெளிந்த உரைநடை வேண்டியிருந்தது. அறிவியல் கற்கும் நண்பர் கண்டதைக் காசில்லாதவனும் படித்துப் பயன்கொள்ளுமாறு எழுதிக்கொடுத்தல் தமிழ் கற்போர் கடமை. விடுதிச் சமையலறையின் காய்த்தோலும் மைதானத்துச் சருகும் நாள்தோறும் வீணாகின்றன. இவ்விரு வகுப்பாரும் கூடி ஒரு குழி வெட்டி, அதன் பயனை ஆண்டிறுதியில் இவ்விதழிலேயே எழுதுவாராயின், அதுவே நன்முயற்சியாகும்.