செயினுக்கு மெழுகு: தையில் தொடங்கலாம், ஐப்பசியில் நிறுத்திவிட வேண்டும்

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தினமும் பாளையங்கோட்டைக்குக் கியர் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். வாரம் ஒருமுறை செயினுக்கு ஆயில் விடுகிறேன். ஆனாலும் கரேலென்று அழுக்கு சேர்கிறது, பேன்ட் எல்லாம் கறை. ஒரு வருஷத்துக்குள் செயின் தேய்ந்துபோகிறது. உருக்கிய மெழுகில் செயினை முக்கி எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அது தாங்குமா?”

வெயிலுக்குத் தாங்கும், மழைக்குத் தாங்காது. ஆகவே வருஷத்தில் ஒன்பது மாதம் மெழுகு போடுங்கள், மிச்சத்துக்கு எண்ணெய்க்குத் திரும்பிவிடுங்கள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த யோசனையைச் சொல்ல மாட்டேன். அங்கே ஆனி பிறந்தாலே மழை. நமக்கு அந்த மழையை மலை தடுத்துவிடுகிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறில் கொட்டிக்கொண்டிருக்கும் நாளில்கூடப் பேட்டை ரோட்டில் புழுதிதான் பறக்கும். சைக்கிள் உண்மையில் நனைவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொஞ்சம்.

புழுதிதான் உங்கள் எதிரி என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் அது பல ரகம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி மணல். ஆடிக் காற்றில் ரோட்டை மூடிவிடும். அதன் சிவப்பு வெறும் மேற்பூச்சு. இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ் மணிகள்தான் தேரி மணல், குவார்ட்ஸ் இரும்பைக் கீறும். கங்கைகொண்டானைத் தாண்டி வடக்கே போனால் கரிசல் தூசி, மாவாக இருக்கும். ஒரு தூறல் விழுந்தால் பசையாகிவிடும். ஆற்றோரம் அறுப்புக் காலத்தில் ரோட்டில் காயப்போட்ட வைக்கோல், ஃப்ரீவீலில் சுற்றிக்கொள்ளும். இப்போது எல்லாப் பக்கமும் எம்-சாண்ட் லாரி உதிர்த்துவிட்டுப் போகும் கல்தூள் வேறு. உங்கள் பாதையில் இந்தக் கடைசி ரகம்தான் அதிகம் இருக்க வேண்டும்.

எண்ணெய் விட்ட செயினில் இந்தத் தூசி ஒட்டுகிறது. ஒட்டியது வெளியிலேயே இருந்தால் அழுக்கு மட்டும்தான் பிரச்சினை. எண்ணெயோடு சேர்ந்து அது கண்ணிக்குள் இறங்குகிறது. பின்னும் அதைச் சுற்றியுள்ள வளையமும் உரசும் இடத்தில் போய் அரைக்கிறது. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, தகடு ஒன்றும் நீள்வதில்லை. பின் தேய்வதால் ஒவ்வொரு கண்ணியிலும் ஆட்டம் விழுகிறது. ஒரு கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அதில் 0.06 மி.மீ. தேய்ந்தால் போதும், செயின் அரை சதவீதம் நீண்டுவிடும். கியர் சைக்கிளில் செயினை மாற்ற வேண்டிய அளவு அதுதான். மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை வாங்கிய ரோலர் செயினுக்கு இருந்த இந்தப் பலவீனம் இன்றைய செயினுக்கும் இருக்கிறது.

மெழுகு உருகிய நிலையில் பின்வரை போய், ஆறியதும் அங்கேயே கெட்டியாகிவிடுகிறது. வெளியே தொட்டால் காய்ந்திருக்கும். தூசி விழும், ஒட்டாது. ஒட்டினாலும் உள்ளே கொண்டுபோக ஈரப்பசை கிடையாது. பந்தயக்காரர்கள் இதை ஒன்றிரண்டு வாட் சக்தி மிச்சமாகிறது என்பதற்காகச் செய்கிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு அந்த வாட் கணக்கு வேண்டாம். பேன்ட் கறையாகாது, செயின் நீடிக்கும் என்பதே போதுமான லாபம்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழு செயின் கவர் போட்ட பழைய பெரிய சைக்கிள் வைத்திருப்பவர்கள் மெழுகு பக்கமே வர வேண்டாம். அந்தக் கவர் பாதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது; மாதம் ஒருமுறை நாலு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். டூவீலர் ஒர்க் ஷாப்பில் வடித்த வேஸ்ட் ஆயிலை மட்டும் விடாதீர்கள். இஞ்சின் தேய்ந்த இரும்புத் தூளும் கரியும் அதிலேயே இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறிப் பிசினாகிவிடும்.

இனி மெழுகு. அதற்கு ஆன்லைனில் தேட வேண்டியதில்லை, நம் வடக்கு எல்லையில் மெழுகை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசியில் தீக்குச்சியை மருந்தில் முக்குமுன் பாரஃபின் மெழுகில் முக்குவார்கள். மருந்தில் பற்றிய தீ மரத்துக்கு இறங்க அந்த மெழுகுதான் வழி. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரியும் சரக்கு இது. சென்னை மணலி ஆலையிலும் எடுக்கிறார்கள். மெழுகுவர்த்தி செய்கிறவர்களுக்குச் சரக்கு விற்கும் கடையில் சில்லறையாகவே கிடைக்கும். அரைக் கிலோ வாங்கினால் நிறைய நாள் வரும். முழுமையாகச் சுத்திகரித்தது என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளையாக, வாசனை இல்லாமல், கையில் எண்ணெய்ப் பிசுக்கு படாமல் இருக்க வேண்டும். மஞ்சளடித்த மலிவு மெழுகில் எண்ணெய் மிச்சமிருக்கும், அது தூசியைப் பிடிக்கும். உருகுநிலை 58–60 டிகிரி ரகம் நம் சித்திரை வெயிலுக்குச் சரி. கடையில் விற்கும் மெழுகுவர்த்தியை உருக்கலாமா என்று கேட்பார்கள். சாயமும் ஸ்டியரிக் அமிலமும் கலந்திருக்கக்கூடும், வேண்டாம். தேன்மெழுகு பிசுபிசுக்கும். டெஃப்ளான் பொடி, மாலிப்டினம் பொடி எல்லாம் சேர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. முதல் வருஷம் வெறும் மெழுகோடு ஓட்டிப் பாருங்கள்.

மெழுகுவர்த்தியைச் செயின்மேல் தேய்ப்பதும், உருகிய சொட்டை மேலே விடுவதும் வீண் வேலை. பின்வரை ஒரு துளி போகாது.

பாதிப் பேர் தோற்பது மெழுகு ஊற்றும் இடத்தில் அல்ல, அதற்கு முந்தைய கழுவலில். செயினில் எண்ணெயோ கிரீஸோ மிச்சமிருந்தால் மெழுகு இரும்பைப் பிடிக்காது. புதுச் செயின் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். டைமண்ட் ஆனாலும் ஷிமானோ, கேஎம்சி ஆனாலும் கம்பெனியிலிருந்தே கிரீஸோடுதான் வருகிறது. ஆனால் கழுவுவதற்குப் புதுச் செயின்தான் சுலபம். ஓடித் தேய்ந்த செயினுக்குள் ஊறிய மணலை முழுக்க எடுக்க முடியாது. ஆகவே உங்கள் இப்போதைய செயினை எண்ணெயிலேயே ஓட்டி முடியுங்கள். அடுத்ததற்கு மெழுகு போடுங்கள்.

பெயின்ட் கடையில் மினரல் டர்பன்டைன் கிடைக்கும். மூடியுள்ள அகலவாய் பாட்டிலில் செயினைப் போட்டு, அது மூழ்கும்வரை ஊற்றிக் குலுக்குங்கள். கலங்கியதை வேறு பாட்டிலில் ஊற்றிவிட்டுப் புதிதாக விடுங்கள். மூன்று முறையாவது ஆகும்; திரவம் தெளிவாக நிற்கும்வரை விடக்கூடாது. டர்பன்டைனே மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும் என்பதால் கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு அலசல். செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள், அவர்களிடம் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். பெட்ரோல் வேண்டாம், வீட்டுக்குள் நிச்சயமாக வேண்டாம். பிறகு பனியன் வேஸ்டால் துடைத்து வெயிலில் ஒரு மணி நேரம் காய விடுங்கள். வாசனை அடங்காத செயினை அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

கலங்கிய டர்பன்டைனைச் சாக்கடையிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். படித்துறையில் வண்டி கழுவும் வழக்கத்தோடு இதுவும் சேர வேண்டாம், கீழே ஸ்ரீவைகுண்டம்வரை குடிக்கிற தண்ணீர். இரண்டு நாள் மூடி வைத்தால் மண் அடியில் படியும், மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறை முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பு வேலை கழுவுவதைவிட எளிது, ஒரே ஒரு விதி உண்டு: மெழுகுப் பாத்திரம் நேரடியாகத் தீயில் ஏறக்கூடாது. ஒதுக்கிப் போட்ட இட்லிக் கொப்பரையில் தண்ணீர் விட்டு, அதற்குள் மெழுகு போட்ட எவர்சில்வர் பாத்திரத்தை வையுங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் மெழுகும் போகாது, தெர்மாமீட்டர் தேவைப்படாது. தண்ணீர் மெழுகுக்குள் தெறிக்காத அளவுக்குத் தீயைச் சிறிதாக வையுங்கள். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு புகைய ஆரம்பித்து, கவனிக்காவிட்டால் பற்றிக்கொள்ளும். பற்றிவிட்டால் அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள்; தண்ணீர் ஊற்றினால் தீ வெடித்துக் கிளம்பும். இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அதுவே நல்லது.

பழைய ஸ்போக் ஒன்றைக் கொக்கியாக வளைத்துச் செயினின் இரு முனையையும் அதில் கோத்துவிடுங்கள். செயின் லாக் தனியாக இருக்கட்டும். மெழுகு நன்றாக உருகித் தண்ணீராக ஓடும்போது செயினை இறக்குங்கள். குமிழி கிளம்பும், கண்ணிக்குள் இருந்த காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் விட்டு, இடையிடையே கொக்கியைப் பிடித்து அலசுங்கள். செயினும் மெழுகு அளவுக்குச் சூடேற வேண்டும், அதற்குத்தான் இந்த நேரம். குமிழி நின்றதும் அடுப்பை அணைத்துவிட்டு, உடனே எடுக்காமல் காத்திருங்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் உள்ளே போனது அத்தனையும் வழிந்துவிடும். பால்மேல் ஆடை கட்டுவதுபோல் மெழுகின் ஓரத்தில் படலம் தெரியும்போது தூக்கித் தொங்கவிடுங்கள்.

ஆறிய செயின் கம்பிபோல் விறைத்து நிற்கும், பயந்துவிட வேண்டாம். ஜன்னல் கம்பியில் போட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் ஒவ்வொரு கண்ணியாக இளகும், தூள் உதிரும். மாட்டியபின் முதல் சில கிலோமீட்டர் கியர் கொஞ்சம் தயங்கும், பிறகு சரியாகிவிடும். எட்டு கியர்வரை உள்ள செயினின் குவிக் லிங்கைப் பலமுறை கழற்றி மாட்டலாம். 11, 12 கியர் செயினுக்குக் கம்பெனி சொன்ன எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். கியர் இல்லாத சைக்கிளில் கிளிப் வைத்த லாக் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ஹப், பெடல், கிராங்க் பேரிங்குக்கு இந்த மெழுகு ஆகாது, அங்கே கிரீஸ்தான்.

ஒருமுறை முக்கினால் காய்ந்த ரோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். உங்களுக்குப் போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது, வாரம் ஆறு நாள் என்றால் 240. ஆக வாராவாரம் அடுப்பு பற்றவைக்க வேண்டிவரும், யாரும் இரண்டு மாதத்துக்குமேல் தாங்க மாட்டார்கள். வழி ஒன்று உண்டு: இரண்டு செயின் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் முக்கி, ஒன்றை மாட்டி ஒன்றை டப்பாவில் போட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதோடு சரி. அடுப்பு பதினைந்து நாளுக்கு ஒருமுறை. இரண்டும் ஒரே அளவில் தேய்வதால் பின்சக்கரப் பற்களுக்கும் நல்லது. மறுமுறை முக்குமுன் டர்பன்டைன் தேவையில்லை. ஒரு வாளியில் செயினைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினால் பழைய மெழுகு தூசியோடு மிதக்கும். ஆறவிட்டு மேலே உறைந்ததை எடுத்துக் குப்பையில் போடுங்கள், சூடாகவே கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். செயினை உடனே வெயிலில் காயவைத்துவிடுங்கள். பாத்திரத்து மெழுகு கறுத்துவிட்டால் மாற்றுங்கள்.

நடுவில் எச்சரிக்கை ஒலி ஒன்று உண்டு. மெழுகு தீரும்போது செயின் கீச்சிடும். அதற்குப் பிறகு ஓட்டுவது இரும்போடு இரும்பு உரசுவது.

மழை விஷயம். மெழுகு துருவைத் தடுப்பதில் எண்ணெய்க்குச் சமமாகாது. நனைந்த செயினை அப்படியே நிறுத்தினால் காலையில் காவி தெரியும். திருச்செந்தூர், மணப்பாடு, உவரிபோல உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் இன்னும் சீக்கிரம். கோடையில் ஒரு திடீர் மழையில் மாட்டினால், வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மறுநாள் வெயிலில் காயவைத்து, மாற்றுச் செயினைப் போடுங்கள். ஐப்பசி அடைமழையில் அதுவும் முடியாது, எண்ணெய்க்கு மாறிவிடுங்கள். அதற்கு உங்கள் பழைய எண்ணெய்ச் செயின் இன்னும் அளவுக்குள் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மெழுகு போட்ட இரண்டும் தைவரை டப்பாவில் தூங்கட்டும். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் மறுபடி டர்பன்டைனில் தொடங்க வேண்டியிருக்கும். 2023 டிசம்பர் 17, 18இல் வந்த வெள்ளம்போல சைக்கிளே மூழ்கிவிட்டால் செயினைப் பற்றிய கேள்வி கடைசி. ஹப்பையும் கிராங்கையும் பிரித்து ஓவராயில் செய்தாக வேண்டும்.

கடைக்குப் போகுமுன் ஒரு அங்குல ஸ்கேலை எடுத்து இப்போதைய செயினை அளந்துவிடுங்கள். சைக்கிளிலேயே, செயின் இறுகி நிற்கும் பகுதியில், ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அதற்கு அடுத்த பின்னிலிருந்து எண்ணி 24ஆவது பின்னின் நடு 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றலாம், அதை மழைக்காலத்துக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம். 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் பின்சக்கரப் பற்களும் அதோடு போயிருக்கும். புதுச் செயின் அதில் உட்காராமல் துள்ளும். அப்போது கேசட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு மெழுகுக்கு வாருங்கள்.